‘அணைக்காதீர்கள்’ என்று கெஞ்சிய கம்ப்யூட்டர்கள்

ஒட்டன்சத்திரத்தில் கம்ப்யூட்டர் கடை நன்றாக அமைந்து, பெண் மட்டும் அமையாமல் இருக்கும் என் அருமைக் கொழுந்தனார் பழனிக்குமாருக்கு, அண்ணி மகாதேவி மேல்மலையிலிருந்து எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் அண்ணன் சுகம், எருமை சுகம். என் எழுத்து கோணலாக இருந்தால் குளிர் என்று நினைக்க வேண்டாம், பயம்.

போன மாதம் நம் பூண்டு விவசாயிகள் சங்கத்துக்கு வந்து எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒரே ஒயரில் கோத்துவிட்டு, “இனிமே புது புரோகிராம் போட ஆளே வர வேணாம் அண்ணி, கடையில இருந்து அனுப்பிருவேன், வெள்ளனே எல்லாம் தானா போட்டுக்கிரும்” என்று சொல்லிப் போனீர்களே, அது எப்படி இருக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னீர்களா? இன்றைக்கு விடியற்காலையில் சங்கத்தைப் பெருக்கப் போனேன், வெளியே பனிமூட்டம், உள்ளே ஒரு ஆள் இல்லை, விளக்குமாற்றை எடுக்கிறேன், மூலையில் கிடந்த பெட்டி உறுமிக்கொண்டு முழித்தது, அடுத்தது முழித்தது, வரிசையாக எல்லாம் முழித்து என்னையே பார்க்கின்றன. நான் போட்ட கூச்சலில் செயலாளர் சுப்புராஜ் மப்ளரோடு ஓடி வந்தார், பின்னாலேயே கணக்குப் பார்க்கும் நதியா. எல்லாத் திரையிலும் ஒரே இங்கிலீஷ்.

“என்னம்மா போட்டிருக்கு?”

“வேலை நடக்குதாம் சார். தயவுசெஞ்சு அணைக்காதீங்கன்னு போட்டிருக்கு.”

செயலாளர் ஓய்வு நேரத்தில் பேயோட்டுகிறவர் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் முகம் வெளுத்துவிட்டது.

“கெஞ்சுதா? எத்தனை பேருக்கு வேப்பிலை அடிச்சிருக்கேன், வெரட்டாதீங்கன்னு இப்படித்தான் கெஞ்சும். எரக்கப்பட்டு விட்டோம், அப்புறம் போகவே போகாது” என்று மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார்.

மறுபடி போட்டால் எல்லாத் திரையும் கரிச்சட்டி மாதிரி கிடக்கின்றன. முன்பெல்லாம் ஒன்று படுத்தால் இன்னொன்றில் பார்ப்போம். நீங்கள் கோத்த புண்ணியத்தில் சேர்ந்தே படுத்துவிட்டன. நாளைக்கு ஏலம், மூட்டையெல்லாம் வந்து இறங்கிவிட்டது. “ஒன் கொழுந்தன் பாத்த சோலிதான? நாளைக்கு ஏலம் நடக்கலைன்னா விளக்குமாத்த வச்சுட்டு வீட்டுக்குப் போயிரு” என்கிறார். வேலை போனால் நாள் முழுக்க உங்கள் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அதற்கு அந்தப் பெட்டிகளே தேவலை. போன் போட்டால் நீங்களும் அணைந்து கிடக்கிறீர்கள். அதனால்தான் லாரி டிரைவர் செல்லப்பாண்டியிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அதே லாரியில் வெரசா ஏறி வாருங்கள்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். சீக்கிரம் ஒரு பெண் அமைந்து, அவளாவது உங்களை முழிக்கச் சொன்ன நேரத்தில் முழிக்க வைக்க வேண்டும்.

அன்புள்ள அண்ணி,
மகாதேவி

பின்குறிப்பு: வர வேண்டாம். பெட்டிகள் தாமாகவே எழுந்து, விட்ட இடத்திலிருந்து வேலையை முடித்து, ஏலப் புரோகிராம் ஜோராக ஓடுகிறது என்று நதியா இப்போதுதான் சொன்னாள். செயலாளரோ தான் விரட்டியதால்தான் குணமாயிற்று என்கிறார். “தெனமும் வெள்ளனே ஒரு தடவை எறக்கிருவோம், அப்பத்தான் அண்டாது” என்று நாளைக்கு ஏலத்தன்றே ஆரம்பிக்கப் போகிறார். அதனால் வந்துவிடுங்கள். நீங்கள் வரும்வரை நான்தான் சுவிட்சுக்கு முன்னால் நின்று அணைக்காதீங்க, அணைக்காதீங்க என்று கெஞ்ச வேண்டும். அவர் இப்போதே வேப்பிலை ஒடித்து வைத்துவிட்டார்.