தின்னப்படாமைச் சான்றிதழ்

ஒரு காட்டில் ஒரு யானை இருந்தது. கதை அந்த யானையைப் பற்றியதல்ல. அதன் தொடையெலும்புக்குள்ளே இன்னொரு காடு இருந்தது, நம் கதை அங்கேதான். எலும்புக்குள் எப்படி மரம் முளைக்கும் என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

அந்த உள்காட்டில் செங்கமலம் என்றொரு முயல். ஸ்டெம் செல் வம்சம். அதாவது, எது வேண்டுமானாலும் ஆகக்கூடியவள். அதனாலேயே இதுவரை ஒன்றுமே ஆகாதவள். "பொண்ணு என்ன பண்றா?" என்று யாராவது கேட்டால் அவள் அம்மா பேச்சை மழைக்கு மாற்றிவிடுவாள்.

அங்கே எல்லார் நெற்றியிலும் புரதத்தால் ஆன பொட்டு ஒன்று உண்டு. 'நான் உள்ளூர், என்னைத் தின்னாதே' என்று அதற்கு அர்த்தம். காவல் செந்நாய்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, பொட்டைத்தான் பார்க்கும். பொட்டு இருந்தால் சலாம். இல்லாவிட்டால் சாப்பாடு.

ஒருநாள் யானையின் காலில் முள் ஏறி ரத்தம் கொட்டியது. சிவப்பணு வேலைக்கு உடனே ஆள் தேவை என்று அறிவிப்பு வந்தது. ஆள் போகாவிட்டால் யானை சாயும், உள்காடும் சேர்ந்து சாயும். செங்கமலம் துள்ளி எழுந்து குட்டையில் முகம் பார்த்தாள். வருஷக்கணக்காகப் படுத்தே கிடந்ததில் பொட்டு அழிந்துபோயிருந்தது.

புதர் புதராக ஒளிந்து பொட்டு அலுவலகத்துக்குப் போனாள். குமாஸ்தா உடும்பு நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"பொட்டு அழிஞ்சுபோச்சு சார். புதுசு வேணும்."

"தின்னப்படாமைச் சான்றிதழ் எங்கே?"

"அப்படின்னா?"

"இதுவரைக்கும் உன்னை யாரும் தின்னலைன்னு காவல்ல எழுதி வாங்கிட்டு வரணும்."

"நான்தான் உங்க முன்னாடி நிக்கிறேனே சார்."

"நிக்கிறது நீதான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? அடுத்த ஆள் வாங்க."

வேறு வழி? காவல் செந்நாய் வேலப்பனிடம் போனாள். பொட்டில்லாத நெற்றியைப் பார்த்ததும் அவருக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

"ஐயா, தின்னுறதுக்கு முன்னாடி இதுல ஒரு கையெழுத்து. என்னை யாரும் தின்னலைன்னு."

வேலப்பன் நேர்மையானவர், அதுதான் வினை. "போட்டுட்டுத் தின்னா நான் எழுதினது பொய்யாயிடும். தின்னுட்டுப் போட்டா வாங்கிக்க நீ இருக்க மாட்டே" என்று தலையைச் சொறிந்தார்.

பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள் செங்கமலம். "மனு நிலுவையில இருக்கிறவளைத் தின்னலாமான்னு ஆபீஸ்ல கேட்டுடுங்களேன் ஐயா. ரெண்டு நகல் எடுத்துட்டுப் போங்க."

"இங்கேயே இரு, வந்து தின்னுறேன்" என்று சொல்லிவிட்டு வேலப்பன் போய் அலுவலக வரிசையில் நின்றார். என்னவோ புது உத்தரவு போல என்று மற்ற செந்நாய்களும் பின்னால் போய் நின்றன. உடும்பு சாப்பிடப் போயிருந்தது.

வழியில் காவலே இல்லை. செங்கமலமும் அவள் வம்சமும் ரத்தத்தில் குதித்தார்கள், சிவந்தார்கள், மூச்சுக்காற்றைச் சுமந்துகொண்டு ஓடினார்கள். யானை நிமிர்ந்து நின்றது. "என் பொண்ணு ரத்தத்துல இருக்கா" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஆனால் முள் குத்திய ஓட்டை வழியாகக் கிருமி ஒன்று மூட்டை முடிச்சோடும் குடும்பத்தோடும் உள்ளே வந்து இறங்கியது. யானைக்குக் காய்ச்சல் ஏறியது. செங்கமலம் பதறிக்கொண்டு வரிசைக்கு ஓடினாள்.

"ஐயா, வெளியாள் புகுந்துட்டான். சீக்கிரம் வாங்க."

"எனக்கு முன்னாடி பதினொரு பேர்தாம்மா. இப்ப விட்டா இடம் போயிடும்" என்றார் வேலப்பன்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேராகக் கிருமியிடம் போனாள்.

"வணக்கம். குடியேற மனுப் போட்டாச்சா?"

கிருமியின் முகம் வெளுத்தது. "போடணுமா? எங்கே?"

"அதோ, அந்த வரிசைதான். குடும்பத்துல எல்லாரும் நேர்ல நிக்கணும்."

கிருமி குடும்பத்தோடு போய்க் கடைசிச் செந்நாய்க்குப் பின்னால் நின்றது. சாயங்காலத்துக்குள் யானைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது.

நீதி: நோயை வெல்ல எதிர்ப்புச் சக்தி வேண்டியதில்லை, நீளமான ஒரு வரிசையும், சாப்பிடப் போய்த் திரும்பாத ஒரு குமாஸ்தாவும் போதும்.