ஐந்நூறு கோடி உயிரும் ஒரு பாற்செம்பும்

நாகதம்பிரான் கோயில் பங்குனிப் பொங்கல் முடியும்வரை உயிருள்ள எதுவும் தன் வாய்க்குள் போகக்கூடாது என்று ஸ்கந்தபுரத்துப் பாலன் முடிவெடுத்தபோது, அன்றைக்குப் பதினோராவது தடவையாகக் கக்கூசுக்குள் இருந்தார். அவருடைய பெரிய முடிவுகள் எல்லாம் ஒரு கிழமையாக அங்கேதான் பிறந்துகொண்டிருந்தன. வேறிடத்தில் குந்தியிருந்து யோசிக்க வயிறு விட்டால்தானே?

முதலில் பாலனின் பயத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஐம்பத்தாறு வயது, நாலு ஏக்கர் நெல். வயலுக்குள் யானை இறங்கினால் வெடி கொளுத்திக்கொண்டு முன்னால் ஓடுகிற மனிசன். ஆனால் பாம்பு என்றால் மாட்டுக் கயிறு கிடந்தாலும் சுற்றிக்கொண்டுதான் போவார். போன மாதம் வாய்க்காலில் இறங்கியபோது காலில் எதுவோ சுரீர் என்றது. "ஐயோ, பாம்பு!" என்று கத்தினார். கத்திய அதே மூச்சில் பாம்புத் தெய்வமான நாகதம்பிரானுக்கு நேர்ந்தும் விட்டார். உயிர் தப்பினால் பொங்கலன்று பாற்செம்பு தூக்கிக் கோயில்வரை நாலு மைல்கட்டை தூரம் வெறுங்காலோடு நடப்பேன், அதுவரை மீன், முட்டை, இறைச்சி என்று ஒரு மச்சமும் தொடமாட்டேன்! பிறகு காலைத் தூக்கிப் பார்த்தால் உடைந்த போத்தல் ஓடு. ஆனால் நேர்ந்தது நேர்ந்ததுதான். ஆள் மாறிப் போச்சுது என்று நாகதம்பிரானிடம் திருத்தம் சொல்ல முடியுமா?

காயம் சீழ் கட்டியது. ஆசுப்பத்திரியில் பத்து நாளுக்கு அன்ரிபயோட்டிக் குளிசை கொடுத்தார்கள். கால் ஆறியது, வயிறு கழன்றது. இந்த வயிற்றை வைத்துக்கொண்டு நாலு கட்டை எப்படி நடப்பது? பாதி வழியில் வயிறு கூப்பிட்டால் தலையில் இருக்கிற செம்பை யாரிடம் கொடுப்பது? ஊர் சிரிக்கும், நாகதம்பிரான் சீறும். நினைத்தாலே பாலனுக்கு வேர்த்தது. வேர்த்தால் வயிறும் கலங்கியது.

மனைவி விமலேஸ்வரி அவரைக் கிளிநொச்சிக்குக் கூட்டிப்போய் டொக்டர் தாட்சாயினியிடம் காட்டினார்.

"பயப்பிட ஒண்டுமில்லை ஐயா. களைக்கு அடிச்ச மருந்து பயிரையும் கருக்கிப்போட்டுது, அவ்வளவுதான். வயித்துக்குள்ள எங்களுக்கு உதவிசெய்யிற நல்ல கிருமியளும் இருக்கு. அன்ரிபயோட்டிக் அதுகளையும் கொண்டுபோட்டுது. இனித் திரும்ப நாத்து நடவேணும். இந்தக் குளிசையில தினம் ஒண்டு, பத்து நாளைக்கு. தயிரும் நல்லது. எண்ணெய், இறைச்சி கொஞ்ச நாளைக்கு வேண்டாம். காய்ச்சல் வந்தாலோ, இரத்தம் போனாலோ உடன வாங்கோ."

"குளிசைக்குள்ள என்ன டொக்டர் இருக்கு?"

"நல்ல கிருமிதான்."

"செத்ததோ?"

"செத்ததை நட்டால் முளைக்குமே? உயிரோடதான். ஒரு குளிசைக்குள்ள ஐந்நூறு கோடி."

'இரத்தம் போனாலோ' என்ற சொல்லிலேயே பாலனுக்குப் பாதி உயிர் போய்விட்டது. மிச்சப் பாதியை ஐந்நூறு கோடி கொண்டுபோனது.

வீட்டுக்கு வந்ததும் வேலியடியில் பக்கத்து வீட்டு வீரையா விசாரித்தார். மலையகத்திலிருந்து வந்து இங்கே காணி வெட்டிக் குடியேறிய குடும்பம். பகிடி விடாமல் அவருக்குப் பொழுது போகாது.

"உசிரோடவா இருக்குன்னாங்க? அண்ணே, நீங்க வெரதம்ல?"

"ஓம், அதுக்கென்ன?"

"அப்ப இது சைவமா, கவுச்சியாண்ணே?"

பாலன் கையிலிருந்த குளிசைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு மீன் தின்னா ஒரு உசிரு. ஒரே முழுங்குல ஐந்நூறு கோடின்னா, நாகதம்பிரான் எப்புடி எடுத்துக்குவாரோ?" என்று சொல்லிவிட்டு வீரையா தன்பாட்டுக்கு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். சொன்னவர் மறந்துவிட்டார். கேட்டவர் மறக்கவில்லை. அங்கிருந்து கக்கூசுக்கு ஓடியவர்தான், மேலே சொன்ன முடிவோடு வெளியே வந்தார்.

"இஞ்சாரும், இந்தக் குளிசை எனக்கு வேண்டாம்."

"ஏனாம்?"

"அது மச்சம்."

"என்ன விசர்க்கதை கதைக்கிறியள்? குளிசை என்னெண்டு மச்சமாகும்?"

"உயிர் இருக்கெல்லோ? நேர்த்தி குழம்பினால் பாம்பு வீடு தேடி வரும்."

"அப்ப தயிரைச் சாப்பிடுங்கோ."

"தயிரிலயும் அதுகள்தானாம். ஐம்பத்தாறு வருசமாச் சைவமெண்டு நினைச்செல்லோ சாப்பிட்டனான்! நெஞ்சு பதறுது."

"சாமிக்கே தயிரால அபிசேகம் செய்யினம்."

"அது தலையில ஊத்திறது. நான் விழுங்கவெல்லோ வேணும்?"

விமலேஸ்வரி இடுப்பில் கை வைத்தார். "நாளைக்குத் துவங்கிக் குளிசையைப் போடுறியள். இல்லாட்டி உங்களை ஆசுப்பத்திரி வோட்டில கிடத்தி ஊசியால சேலைன் ஏத்துவினம்."

பாம்புக்கு அடுத்தபடி பாலன் பயப்படுவது ஊசிக்கு. விழுங்கினால் நாகதம்பிரான், விழுங்காவிட்டால் ஊசி. இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்தவருக்குக் கடைசியில் ஒரு தந்திரம் தோன்றியது. மனிசியை ஏய்ப்பது அவருக்குப் புதிது. தன் துணிச்சலை நினைத்து அவருக்கே பயமாக இருந்தது.

மறுநாள் விமலேஸ்வரி குளிசையைக் கையில் கொடுத்தார். பாலன் வாயில் போட்டார். தண்ணீர் குடித்தார். ஆனால் குளிசை கன்னத்துக்குள் ஒதுங்கிவிட்டது. ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து வளவுக்குள் போய், வாழைக்குக் கீழே விரலால் குழி தோண்டி அதைப் புதைத்தார். "நாகதம்பிரானே, ஒருத்தரையும் நான் கடிக்கேல்லை" என்று கும்பிட்டுவிட்டு வந்து, விமலேஸ்வரி வைத்த பழந்தண்ணியைக் குடித்தார். முதல் நாள் சோற்றில் ஊற்றி வைத்த தண்ணீர், கொஞ்சம் உப்பு, இரண்டு சின்ன வெங்காயம். இதில் என்ன பயம்? பிறந்த நாள் முதல் குடிக்கிற சாமான்.

இரண்டாம் நாள் குளிசையில் பாரமே இல்லாதது போலிருந்தது. ஐந்நூறு கோடி பேர் உள்ளே இருந்தும் பாரம் தெரியவில்லை என்றால் அது எவ்வளவு கள்ளக் கூட்டமாக இருக்க வேண்டும்! பாலன் இன்னும் ஆழமாகத் தோண்டிப் புதைத்தார்.

மூன்றாம் நாள் வாழையடியில் ஒரு சாரைப் பாம்பு படுத்திருந்தது. எலி பிடிக்க வந்த சாரை. பாலனுக்கு அது விசாரணைக்கு வந்த சாரை. "நான் விழுங்கேல்லை, சத்தியமா விழுங்கேல்லை!" என்று வாயைத் திறந்து அதற்குக் காட்டினார். வாய்க்குள் இருந்த குளிசை நிலத்தில் விழுந்தது. பாம்பு அதைத் திரும்பியும் பாராமல் வேலிக்குள் போனது. பாலன் அவசர அவசரமாக அதையும் மண்ணுக்குள் புதைத்தார்.

ஆனால் பாருங்கள், நாலாம் நாள் கக்கூசுப் பயணம் பதினொன்றிலிருந்து ஏழாகியது. ஏழு மூன்றாகியது. ஒன்பதாம் நாள் வயிறு ஒரு மரியாதையான மனிதனின் வயிறாக நடந்துகொண்டது. பாலனுக்குத் தலைகால் புரியவில்லை. வேலியடியில் வீரையாவைக் கூப்பிட்டு வைத்து, "குளிசையுமில்லை, தயிருமில்லை. எல்லாம் நேர்த்தி!" என்று நெஞ்சைத் தட்டினார்.

பொங்கலன்று காலை தலை முழுகி, வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு பாலன் வந்தார். முற்றத்தில் விமலேஸ்வரி மஞ்சள் சேலையோடு, ஈரத் தலையோடு, கையில் பாற்செம்போடு நின்றார்.

"தாரும் செம்பை. நேரமாகுது."

"நான்தான் எடுக்கப்போறன்."

"என்னப்பா, நேர்த்தி என்ரயெல்லோ?"

"இல்லை. குளிசை துவங்கின ரண்டாம் நாள் விடியவே பூசாரியாரிட்டப் போய்க் கதைச்சு என்ர பேருக்கு மாத்திப்போட்டன். வருத்தக்காரனுக்காக மனிசி எடுக்கலாம் எண்டவர்."

"என்னட்டக் கேளாமலோ?"

"அந்த ஐந்நூறு கோடியையும் உங்கட வாய்க்குள்ள போட வேண்டியிருந்தது. அதுக்கு முதல் நேர்த்தியை உங்களிட்டயிருந்து கழட்டவேணுமெல்லோ?"

பாலனுக்குச் சிரிப்பு வந்தது. மடக்கிவிட்டோம் என்ற சிரிப்பு. "நான் ஒரு குளிசையும் விழுங்கேல்லையே!"

"தெரியும். வாழைக்குக் கீழ கிடக்கு. முதலாவதைத் தவிர மிச்சமெல்லாம் வெறுங்கோது. குசினிக்குள்ள வைச்சுப் பிரிச்சு, தூளைப் பழந்தண்ணியில கலந்துதான் தந்தனான்."

பாலனின் சிரிப்பு பாதியில் நின்றது. அனிச்சையாக வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"உ... உமக்கு என்னெண்டு தெரியும்?"

"முதல் நாள் குளிசையைப் போட்ட உடன நீங்கள் வாய் திறக்கேல்லை. முப்பது வருசத்தில நீங்கள் கதையாமல் எழும்பிப் போனது அண்டைக்குத்தான்." விமலேஸ்வரியின் குரல் இறங்கியது. "உங்களுக்கு எல்லாம் விளையாட்டாக் கிடக்கு. நீங்கள் கக்கூசுக்குள்ள இருக்கேக்க, சத்தம் கேக்குதோ, மயங்கி விழுந்திட்டியளோ எண்டு கதவடியில நிண்டது நான். உங்களுக்குப் பாம்புக்குப் பயம். எனக்கு, நீங்கள் இல்லாமல் போயிடுவியளோ எண்டு பயம்."

பாலனுக்குக் கண் கலங்கிவிட்டது. கதவுக்கு இந்தப் பக்கம் தான் பயந்த அளவுக்கு அந்தப் பக்கமும் ஒருத்தி பயந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியவே தெரியாது. வெட்கமாக இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. அதோடு தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போலவும் இருந்தது. நேர்த்தி அவருடையதில்லை. இனி எந்தப் பாம்பும் அவரைக் கேட்டு வராது. ஒரு மாதமாகப் பூசணிக்காயும் கீரையும் தின்ற நாக்கில் மெல்ல எச்சில் ஊறியது.

"அப்ப நாளைக்குச் சந்தையில ஒரு கிலோ ஆட்டிறைச்சி வாங்கி வரட்டே?"

விமலேஸ்வரி செம்பைத் தலையில் வைத்துக்கொண்டு படலையைத் திறந்தார்.

"அது ஏலாதப்பா. நேர்த்தியை மாத்தக் கேக்கேக்க வெறுங்கையோட நிக்கேலுமோ? வயிறு சரிவந்தால் அடுத்த பங்குனி மட்டும் மச்சம் தொடுறேல்லை எண்டு புதுசா ஒண்டு நேர்ந்துபோட்டன்."

"ஒரு வருசம் மச்சம் இல்லாமல் நீர் என்னெண்டப்பா இருப்பீர்?"

"நானில்லை. நீங்கள்."