மச்சானுக்கு, ஐஸ் பெட்டி தேர்ந்தெடுத்த விவரம்

லூயிஸ்டவுன், மொன்டானா
செப்டம்பர் 4

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் ஆர்டெல் அவர்களுக்கு,

உங்கள் தங்கை டார்லாவைக் கட்டிக்கொண்ட வெர்ன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், டார்லா, தோட்டத்துப் பீட்ரூட் எல்லாரும் நலம். அங்கே நீங்கள், புதிதாக மாற்றிய உங்கள் வலது முழங்கால், குதிரைகள் இரண்டு ஆகியோரின் நலம் அறிய ஆவல். போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள் என்பதால் கடிதமாக எழுதுகிறேன். கடிதத்தைக் கீழே வைத்தாலும் அது பாட்டுக்கு அங்கேயே கிடக்கும், மறுபடி எடுத்துப் படித்துத்தான் ஆக வேண்டும்.

விஷயம் உங்களுக்கே தெரியும். பதினொரு வருஷம் வெறுங்கையோடு மலை இறங்கிய பிறகு போன அக்டோபரில் நீங்கள் ஒரு எல்க் மான் கொம்பனைச் சுட்டீர்கள். எலும்பு நீக்கி, துணிப் பையில் கட்டி, என் நீல ஐஸ் பெட்டியில் அடைத்து, "வெர்ன், நேரா வீட்டுக்குப் போ, நான் கூடாரத்தப் பிரிச்சு குதிரைய ஏத்திட்டு ரெண்டு நாள்ல வரேன்" என்று என்னிடம் ஒப்படைத்தீர்கள். இரண்டு நாள் கழித்து என் வீட்டு வாசலில் பெட்டியைத் திறந்தபோது வந்த வாடையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. எதிர்வீட்டுக்காரர் இன்னும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். மூடி சரியில்லை என்று நான் அப்போதே சொன்னேன். நீங்கள் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டு, "உன் பெட்டிய நம்பி இனிமே ஒரு அணிலக்கூடத் தரமாட்டேன்டா" என்றீர்கள். அதுதான் நீங்கள் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை. ஈஸ்டர் விருந்தில்கூட, நான் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போது, "டார்லா, குழம்புக் கிண்ணம் வெச்சிருக்கிற ஆள்கிட்ட அத இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்றீர்கள். நான் தள்ளினேன். நன்றி டார்லாவுக்குப் போனது. இந்த வருஷம் வேட்டை முகாமுக்கு வரப் போவதில்லை என்றும் அவளிடம்தான் சொல்லியிருக்கிறீர்கள். இருபத்தாறு வருஷமாக ஒரே கூடாரத்தில் உங்கள் குறட்டையைக் கேட்டவன் நான். அது இல்லாமல் அந்த மலையில் எனக்குத் தூக்கம் வராது, மச்சான்.

ஆகவே தவறு பெட்டியுடையது என்பதால் பெட்டியை மாற்றுவதே முறை என்று முடிவு செய்து, ஆகஸ்டில் மெயின் தெருவில் இருக்கும் வேட்டைச் சாமான் கடைக்குப் போனேன். அங்கே கென்ட்ரா என்று ஒரு பெண். டிராக்டர் விற்கிறவர்களுக்குக்கூட இத்தனை விவரம் தெரியாது. சுவர் எத்தனை விரல்கடை தடிமன், மூடியைச் சுற்றி ரப்பர் இருக்கிறதா, தண்ணீர் வடிகிற அடைப்பான் திருகா செருகா, கொக்கி ரப்பரா இரும்பா, கரடி உருட்டினால் தாங்குமா என்று கேட்டுக்கொண்டே போனாள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். "உள்ள என்ன சார் வெக்கப் போறீங்க?" என்றாள். "எல்க் பின்னங்கால், எலும்போட. நீளவாக்குல போகணும்" என்றேன். அளவுக்கு எல்க் இல்லாததால் என் காலை வைத்துப் பார்ப்பதே சரி என்று தோன்றியது. ஒரு கால் போயிற்று. சரி, ஒரு மானுக்குப் பின்னங்கால் இரண்டாயிற்றே என்று மற்றதையும் வைத்தேன். பிறகு உட்கார்ந்தும் பார்த்தேன். எழுந்திருக்கும் கட்டத்தை மட்டும் முன்கூட்டி யோசிக்கவில்லை. கென்ட்ரா ஒரு பக்கமும் மீன்பிடிக்க வந்த ஒருவர் மறுபக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். அந்த மனிதர், "எத்தன நாள் கெடாம இருக்கும்னு போட்டிருக்கா?" என்று கேட்டது என்னைப் பற்றியா பெட்டியைப் பற்றியா என்று இன்றுவரை தெரியவில்லை. இத்தனைக்கும் பிறகு வாங்காமல் வருவது மரியாதையாக இருக்காது. விலையைச் சொல்ல மாட்டேன். டார்லாவிடமும் சொல்லவில்லை, ஆனால் அவளே கடைக்குப் போன் செய்து கேட்டுவிட்டாள்.

பெட்டி வீட்டுக்கு வந்தது. மணல் நிறத்தில், ஒரு கீறல் இல்லாமல், இரண்டு பக்கமும் கயிற்றுப் பிடியோடு. மாட்டுக்கு வைக்கும் உப்புக் கட்டிகளை அதில் அடுக்கி, எல்க் எடைக்குக் கொண்டுவந்து, பிக்கப் வண்டியில் ஏற்றிப் பார்க்கலாம் என்று முயன்றேன். பெட்டி அசையவில்லை, என் இடுப்பு அசைந்தது. மூன்று நாள் சமையலறைத் தரையில் மல்லாந்து கிடந்தேன். டார்லா என்னைத் தாண்டித் தாண்டிச் சமைத்தாள். "அதுல ரெண்டு பிடி எதுக்கு வெச்சிருக்கான்னு யோசிச்சியா வெர்ன்? ரெண்டு ஆளுக்கு" என்றாள். இதை நான் குறிப்பாக எழுதுகிறேன். அந்தப் பெட்டி ஒற்றை ஆளுக்கானது இல்லை.

இடுப்பு சரியானதும் முறைப்படி சோதனை. உங்களிடம் வாய்வார்த்தையாகச் சொன்னால் நம்ப மாட்டீர்கள் என்று, வாசல் தாழ்வாரத்தில் பெட்டிகளை வரிசையாக வைத்தேன். முதலாவது புதியது. இரண்டாவது சர்ச்சில் இரவல் வாங்கியது, உருளைக்கிழங்கு சாலட் வைக்கிற பெட்டி. மூன்றாவது அந்த நீலப் பெட்டி, குற்றவாளி. மூன்றிலும் ஒரே அளவு ஐஸ். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூடினேன், வெள்ளிக்கிழமை மதியம்தான் திறக்க வேண்டும் என்பது விதி. விதியை எழுதியவன் நானே. ஆனால் நீங்களே சொல்லுங்கள், உள்ளே ஐஸ் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் ஐஸ் நன்றாக இருக்கிறது என்று எப்படித் தெரியும்? காலைக் காப்பிக்கு ஒரு தடவை பார்த்தேன். தபால்காரர் வந்தார், அவருக்குக் காட்டினேன். "அடேங்கப்பா, அப்படியே இருக்கே!" என்றார். அதைக் கேட்க நன்றாக இருந்தது. எதிர்வீட்டுக்காரர் வந்தார். தெருவில் போன ஒரு தம்பதி சும்மா நின்றார்கள், அவர்களையும் கூப்பிட்டேன். மூடியைத் திறக்கும்போது அந்த ரப்பர் 'ப்பஸ்' என்று ஒரு பெருமூச்சு விடும் பாருங்கள், அதற்காகவே திறக்கலாம். சர்ச் பெட்டியை ஒன்றிரண்டு தடவை பார்த்தேன். நீலப் பெட்டியைத் தொடவே இல்லை. அதைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது.

வெள்ளிக்கிழமை மதியம் டார்லா சாட்சியாக நிற்க மூன்றையும் திறந்தேன். புதிய பெட்டியில் தண்ணீர். வாத்து விடலாம், அவ்வளவு தண்ணீர். சர்ச் பெட்டியில் உள்ளங்கை அளவு ஐஸ் மிதந்தது. நீலப் பெட்டியில் பாதிக்கு மேல் ஐஸ், கெட்டியாக, எனக்கென்ன என்று உட்கார்ந்திருந்தது. கடைக்குப் போன் போட்டுக் கத்தினேன். கென்ட்ரா நிதானமாக, "முந்தின நாளே ஐஸ் போட்டுப் பெட்டியக் குளிர வெச்சீங்களா சார்?" என்றாள். வைத்தேன். "வெயில்ல இருந்துச்சா?" இல்லை. "எத்தன தடவ தொறந்தீங்க?" ஒரு ரெண்டு மூணு தடவை என்றேன். டார்லா தாழ்வாரத்துத் தூணைக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். புதிய பெட்டிக்கு அறுபத்து மூன்று. நீலத்துக்கு ஒன்றுமே இல்லை.

"வெர்ன், போன வருஷம் வர்ற வழியில அந்த நீலப் பெட்டிய எத்தன தடவ தொறந்த?" என்று கேட்டாள். எனக்கு அப்போது பீட்ரூட்டுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருந்தது.

எப்படியோ, மறுபடி ஐஸ் போட்டு, சாவியை டார்லாவிடம் கொடுத்து, புதிய பெட்டியைப் பூட்டியே வைத்தோம். ஏழாம் நாளும் ஐஸ் இருந்தது. நல்ல பெட்டி. நீலப் பெட்டியின் மூடிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பது என் தாழ்மையான கருத்து, இந்தச் சோதனையில் மட்டும் அதற்கு ஏதோ அதிர்ஷ்டம் அடித்திருக்கிறது. அதனால் நீங்கள் பழையதை மறந்து அக்டோபர் இருபதுக்குள் குதிரைகளோடு வந்து சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் முழங்காலுக்காகக் கூடாரத்தில் மடக்குக் கட்டில் போட்டுவிடுகிறேன். காப்பி நீங்கள்தான் போட வேண்டும், நான் போட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும்.

உங்களுக்கும் குதிரைகளுக்கும் கர்த்தர் நல்ல பனியும், நல்ல காற்றும், சறுக்காத பாதையும் அருளட்டும். டார்லா தன் அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள். நேரில் வந்தால் ஆப்பிள் பை உண்டு என்றும் சொன்னாள், வராவிட்டால் அதை நான் சாப்பிட வேண்டியதுதான்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் தங்கை கணவன்,
வெர்ன்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். உறையை ஒட்டிவிட்டுப் பிரித்தேன். நீலப் பெட்டி மேல் ஒரு தப்பும் இல்லை, மச்சான். கொம்புத் தலை உங்கள் வண்டியில் இருந்தது, காட்டுவதற்கு என்னிடம் கறி மட்டும்தான். பிக் டிம்பரில் பெட்ரோல் போடும்போது ஒருவன், "வேட்டையா?" என்று கேட்டான். திறந்தேன். என் மச்சான் சுட்டது என்றேன். ஹார்லோட்டனில் ஐந்தாறு பேர் கூடினார்கள், அங்கே நாங்கள் சுட்டோம் என்றேன். ஜூடித் கேப்பில் மதுக்கடை வாசலில் நான் சுட்டதாகவே சொல்லிவிட்டேன். எல்லாரும் முதுகில் தட்டினார்கள். ஆளாளுக்குப் போய் இன்னொருத்தனைக் கூட்டிவந்தார்கள். கறி நன்றாகத் தெரியட்டும் என்று மேலே இருந்த ஐஸை நானே வழித்துக் கொட்டினேன். பேச்சு முடியவில்லை, அங்கேயே தங்கினேன், மறுநாளும் வெயிலில் வண்டியை நிறுத்திப் பேசினேன். புதிதாக ஐஸ் வாங்கவே தோன்றவில்லை. இருபத்தாறு வருஷத்தில் நான் ஒரு கொம்பனையும் சுட்டதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு நாளாவது சுட்டவனாக இருந்து பார்க்க ஆசையாக இருந்தது. அதற்கு உங்கள் மான் முழுவதும் போயிற்று. என்னை மன்னித்துவிடுங்கள். இந்தத் தடவை கூடாரத்தை நான் பிரிக்கிறேன், கறியை நீங்கள் ஓட்டிக்கொண்டு போங்கள். ஒருவேளை நானே சுட்டிருந்தாலும், வழியில் யாராவது கேட்டால் நீங்கள் சுட்டதாகவே சொல்லுங்கள்.