பிஎஸ்ஏவுக்குச் சாட்சி சொன்ன யானைகள்

பழுகாமத்தின் மேற்கு வட்டை வயல்களை யானைகளிடமிருந்து காப்பாற்ற மூன்று ஏற்பாடுகள் இருந்தன. ஒன்று, அரசாங்கம் தரவிருந்த மின்வேலி. மற்றது, அரசாங்கம் தந்து தீர்ந்துபோன யானை வெடி. மூன்றாவது, வீரகத்தியின் பிஎஸ்ஏ மோட்டார் சைக்கிள். முதல் இரண்டும் கோப்பில் இருந்தன. மூன்றாவது வேலை செய்தது.

இங்கிலாந்தில் செய்த வண்டி அது. ஊருக்கு வந்த நில அளவையாளர் ஒருவரிடம் வீரகத்தியின் தகப்பன் வாங்கியது. வேகமெடுத்துவிட்டுக் கைப்பிடியைச் சட்டென்று தளர்த்தினால் சைலன்சருக்குள்ளிருந்து பீரங்கிபோல ஒரு வெடி கிளம்பும். அதைத் திருத்தித் தருவதாக மெக்கானிக் அப்துல் கபூர் பலமுறை கேட்டுப் பார்த்தார். வீரகத்தி வண்டியைக் கொடுக்கவில்லை. கதிர் முற்றும் காலத்தில், பொழுது சாய, அதில் ஏறி வட்டையைச் சுற்றி வருவார். சத்தம் கேட்டதும் யானைகள் குடும்பத்தோடு காட்டுக்குத் திரும்பிவிடும்.

இப்படியிருக்கையில் கொழும்பிலிருந்து சிவதர்சன் வந்தார். பழைய பிரித்தானிய மோட்டார் சைக்கிள்களைச் சேகரிப்பவர். அவற்றில் ஏறுபவர் அல்லர். சேகரிப்பவர்களிடையே இப்போது துருதான் நாகரிகம். புதிதாக வர்ணம் பூசிய வண்டியைக் கண்டால் இழவு வீட்டில் நிற்பதுபோல் நிற்பார்கள். வீரகத்தியின் மனைவி அன்னப்பூரணி சீட்டில் கிடந்த கோழி எச்சத்தைத் துடைக்கப் போனபோது சிவதர்சன் பதறிப்போய்த் தடுத்தார்.

"அக்கா, தொடாதீங்க. எல்லாம் ஒரிஜினலா இருக்கணும்."

"கோழியும் ஒரிஜினல்தான் தம்பி. வேணுமெண்டா அதையும் கொண்டு போங்க."

வண்டியை விற்று, அந்தக் காசில் சொந்தமாக மின்வேலி போட்டுவிடுவது என்று அன்னப்பூரணி முடிவு செய்தார். வீரகத்தியும் தலையாட்டினார். ஆனால் மரபு வாகனத்தை வெறுமனே விற்க முடியாது. அதற்கு மூலத்தன்மைச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் தருவதற்கென்றே மரபு வாகன ஒருங்கிணைப்புப் பிரிவு ஒன்று உதயமாகியிருந்தது. அதில் வசந்தாதேவி என்ற அலுவலரும், அவருக்கு ஒரு நாற்காலியும், ஒரு சுற்றறிக்கையும் இருந்தன.

அவர் நேரில் வந்து எஞ்சின் இலக்கத்தைப் பார்த்தார், சரி. வண்டிச் சட்டகத்தின் இலக்கத்தைப் பார்த்தார், அதுவும் சரி. எஞ்சியது சத்தம்.

"இது அந்தக் காலத்துச் சத்தம்தான் எண்டு ஆர் சொல்றது?" என்று கேட்டார்.

"ஊரே சொல்லும், மிஸ்," என்றார் வீரகத்தி.

"ஊர் சொல்லலாம். ஆனா சாட்சி விண்ணப்பதாரிக்கு உறவா இருக்கப்படாது."

இங்கேதான் காரியம் நின்றது. எங்கள் பக்கத்தில் ஒருவர் தாய்வழியில் உங்கள் குடியாக இருப்பார். இல்லாவிட்டால் உங்கள் குடி பெண் கொடுத்த குடியாக இருப்பார். மூன்றாவது வகை மனிதர் இன்னும் பிறக்கவில்லை. கடைசியில் மீன் கொண்டுவரும் அசனாரைப் பிடித்து வந்தோம். உறவில்லாதவர், நெடுங்காலமாக அந்தச் சத்தத்தைக் கேட்டவர். அவர் வந்ததும் வராததுமாக வீரகத்தியைப் பார்த்து, "என்ன மச்சான், ஆள் அனுப்பினயாம்?" என்றார். வசந்தாதேவி பேனாவை மூடிவிட்டார்.

அன்னப்பூரணிக்கு அலுத்துவிட்டது. "அப்ப யானையைத்தான் கேக்கணும்," என்றார்.

வசந்தாதேவி சுற்றறிக்கையைப் புரட்டினார். சாட்சி என்று இருந்ததே தவிர, மனிதர் என்று எங்கும் இல்லை. யானைகளோ நெடுங்காலமாகக் கேட்டவை. விற்பனையில் இலாபம் பெறாதவை. எந்தக் குடியிலும் சேராதவை. அன்று மாலையே பரிசோதனை நடந்தது. வீரகத்தி வெடிக்க வைத்தார். யானைகள் ஓடின. தற்காலிகச் சான்றிதழ் எழுதப்பட்டது. உறுதிப்படுத்தும் பரிசோதனை அறுவடைக்கு முன்னர் நடைபெறும் என்றும், அதுவரை விற்பனை கூடாது என்றும் அறிவிக்கப்பட்டது.

யானைகள் ஓடும் காட்சியைச் சிவதர்சன் கைபேசியில் படமெடுத்துச் சேகரிப்போர் குழுவில் போட்டார். அத்தோடு யானைச் சான்று இல்லாத வண்டி வண்டியே அல்ல என்றாகிவிட்டது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் நோர்ட்டன், ட்ரையம்ப் என்று பழைய மோட்டார் சைக்கிள்கள் லொறிகளில் வந்திறங்கின. நாங்கள் இளநீர் விற்றோம். நான் என் வீட்டு வளவை வண்டி நிறுத்தக் கொடுத்தேன்.

சிக்கல் என்னவென்றால், யானைகள் ஓடிவிட்டால் அடுத்த வண்டிக்குச் சாட்சி இல்லை. வரிசையில் நின்றவர்கள் முறையிட்டார்கள். வசந்தாதேவி நீதியானவர். சமுகமளிக்கும் சாட்சிகளுக்குச் சாட்சிப்படி வழங்கலாம் என்று ஒரு பிரிவைக் கண்டுபிடித்தார். காட்டு யானைக்குத் தீனி போடுவது சட்டவிரோதம். சாட்சிப்படி கொடுப்பது சட்டப்படியானது. ஆகவே ஒவ்வொரு வண்டியும் முழங்கியதும் வத்தகப்பழமும் பூசணிக்காயும் அதன் பின்கரியரில் முறைப்படி வைக்கப்பட்டன. யானைகள் முதலில் தூரத்தில் நின்று யோசித்தன. பிறகு யோசிப்பதை விட்டுவிட்டன.

"மிஸ், இதுகள் இப்ப ஓடுறல்லையே," என்றார் வீரகத்தி ஒரு மாலை. அவருடைய நெல் வேளாண்மை அப்போது கதிர் முற்றித் தலை சாய்த்து நின்றது.

"சாட்சிகள் ஒத்துழைக்குறாங்க," என்றார் வசந்தாதேவி.

உறுதிப்படுத்தும் நாள் வந்தது. வீரகத்தி பிஎஸ்ஏயை உதைத்துக் கிளப்பி வெடிக்க வைத்தார். அப்படியொரு வெடியை நானே கேட்டதில்லை. யானைகள் ஓடிவந்தன. பெரிய கொம்பன் பின்கரியரைத் தும்பிக்கையால் தடவிப் பார்த்தது, பூசணிக்காய் இல்லை; அன்றைக்காவது ஓடட்டும் என்று வீரகத்தி வைக்கவில்லை. அது வீரகத்தியை ஏமாற்றுக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு வயலுக்குள் இறங்கியது. மற்றவையும் இறங்கின.

வசந்தாதேவி சான்றிதழை இரத்துச் செய்தார். சாட்சிகள் சத்தத்தை அடையாளம் காணவில்லை என்பது காரணம். சிவதர்சன் வருத்தத்தோடு கைகுலுக்கிவிட்டுப் போனார். ஒரிஜினல் இல்லாத வண்டியை அவர் என்ன செய்வார்? விடிந்தபோது வீரகத்தியின் வேளாண்மையில் மிஞ்சியது வரம்புதான். அடுத்த வயல் என்னுடையது. அதிலும் வரம்பு மிஞ்சியது.

இப்போது பழுகாமத்தில் யாரும் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்வதில்லை. எந்த எஞ்சின் முழங்கினாலும் சாட்சிப்படி வந்துவிட்டதென்று யானைகள் வாசலுக்கே வந்து நிற்கின்றன. ஆகவே சந்திவரை தள்ளிக்கொண்டு போகிறோம். பழைய வண்டிகளை இவ்வளவு மரியாதையாக நடத்தும் ஊர் வேறில்லை என்று சேகரிப்போர் குழுவில் எழுதுகிறார்களாம்.

போன கிழமை பயிர் நட்டஈட்டு அலுவலர் நிதுர்ஷன் வந்தார். ஊர் வழக்கம் தெரியாதவர், மோட்டார் சைக்கிளில் வாசல்வரை வந்து, நல்ல காலம், யானைகள் கிளம்புமுன் எஞ்சினை நிறுத்தினார். வயலைப் பார்த்தார், மிகவும் அனுதாபப்பட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"யானைதான் திண்டதுக்கு உறவில்லாத சாட்சி ஆரும் இருக்காங்களா?"

"இருக்காங்க, சேர்," என்றார் அன்னப்பூரணி. "உங்கட சைக்கிளை ஒருக்கா ஸ்டார்ட் பண்ணுங்க. வந்துருவாங்க."

நிதுர்ஷன் சாவியைப் பார்த்தார். காட்டுப் பக்கம் பார்த்தார். சாட்சியில்லை என்று எழுதிக்கொண்டு, எங்களோடு சேர்ந்து சந்திவரை தள்ளிக்கொண்டு வந்தார்.