விரால் தலை இல்லாத விருந்து

பூதலூர்,
1970, பங்குனி.

அன்புள்ள ரெத்தினம் மாமாவுக்கு,

அம்சம் வணங்கி எழுதுவது. இங்கே அம்மா, தம்பிப் பாப்பா, மாடு எல்லோரும் சுகம். அப்பா சுகமா என்று தெரியவில்லை, என்னோடு பேசுவதில்லை. நீங்கள் நேரில் வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்பவள் இவ்வளவு நீளமாக எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். கடிதத்தில் கதவு இல்லை.

நீங்கள் காலேஜில் மீன்களைக் கண்ணாடிச் சீசாவில் அடுக்கும் வேலையில் இருக்கிறீர்கள். ஆறாவதோடு நின்றுவிட்டதால் எனக்குக் கேட்க வாத்தியாரும் இல்லை, அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். பாப்பாவின் உச்சிக்குழி மூடிக்கொண்டே வருகிறது. மீனுக்கும் அப்படியா என்று பார்க்க, தலைகளை வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்தேன். விரல் நீளக் குஞ்சுக்கு மண்டை எலும்புகள் திட்டுத் திட்டாக இருந்தன, நடுவே வெறும் தோல். கொஞ்சம் பெரியதில் திட்டுகள் ஓரங்களில் வளர்ந்து கிட்டே வந்துவிட்டன. பெரிய விராலில் ஒன்றாகவே ஆகியிருக்கும் என்று நினைத்தேன். இல்லை மாமா! ஒன்றின் ஓரம் மற்றதன் மேல் கூரை ஓடு மாதிரி ஏறிப் படுத்திருக்கிறது, ஆனால் ஒட்டவில்லை. நகத்தை விட்டால் தனித்தனியாக வருகிறது. இவ்வளவு நெருங்கிய பிறகு ஒட்டாதே என்று அதற்கு யார் சொல்வது?

அந்தப் பெரிய விரால்தான் வினை. பண்ணைக் காரியஸ்தர் அரசப்பன் சாப்பிட வருகிறார் என்று அப்பா வாங்கியது. நம் குத்தகை வயலை உழுவது அப்பாதான் என்று அவர் தாசில்தாரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், புதுச் சட்டப்படி யாரும் நம்மை வெளியேற்ற முடியாது. சொல்லாவிட்டால் வயல் போய்விடும். விருந்தாளி இலையில் விரால் தலை விழுந்தால்தானே இங்கே மரியாதை? அம்மா கரண்டியால் சட்டியைத் துழாவினாள், துழாவினாள், துழாவிக்கொண்டே இருந்தாள்.

"தலை எங்க புள்ள?"

"வால மட்டும் போட்டு அனுப்புன்னு குத்தகைக்காரங்க சங்கத்துல சொன்னாங்களா?" என்றார் காரியஸ்தர்.

"பூனைங்க," என்றார் அப்பா.

நான் நெல் குதிருக்குப் பின்னாலிருந்து முறத்தை நீட்டினேன். அதில் எலும்புகள் வரிசையாக இருந்தன. "ஒட்டலைங்க. இடுக்கு அப்படியே இருக்குங்க," என்று வாய் தானாகச் சொன்னது.

காரியஸ்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "அட, நடுவுல வரப்பு மாதிரி! மீனுக்கு இருக்கிற ஒழுங்கு உனக்கு இல்லியே இளையபெருமாளு. வருஷா வருஷம் பண்ணை வரப்ப வெட்டித் தின்னுறியே!"

"நானா? நண்டுங்க!"

"ஆமா, ரெண்டு கால் நண்டு!"

இலையை அப்படியே விட்டு எழுந்து போய்விட்டார். வயல் போனது என்னால்தான் என்று அம்மா அழுகிறாள். என்னை உங்கள் வீட்டுக்கே அனுப்பப் போகிறார்களாம். இனி மீன் தலையைத் தொடுவதில்லை என்று பாப்பா தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன், உச்சிக்குழியை விட்டு ஓரமாக.

அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டிக்கொள்ளும்,
அம்சம்.

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் அப்பா தாலுகா ஆபீசிலிருந்து வந்துவிட்டார். காரியஸ்தர் கோபத்தில், "ஒவ்வொரு உழவுக்கும் இவன் வரப்ப வெட்டுறான் சார்" என்று தாசில்தாரிடமே சொன்னாராம். "அப்ப உழுவுறது இவருதானா?" என்று கேட்டு, தாசில்தார் உழுபவராக அப்பா பெயரைப் பதிந்துவிட்டாராம். அப்பா கையில் இரண்டு விரால். "தலை ரெண்டும் உனக்குத்தான்" என்றார். என்னை அழைத்துப்போக வர வேண்டாம். அந்தச் சத்தியத்தை மட்டும் பெரியவராக நீங்கள் அங்கிருந்தே ரத்து செய்துவிடுங்கள். ஒன்றைப் பிரித்தாகிவிட்டது. இதிலும் ஒட்டவில்லை மாமா!