படாளத்தில் ஏறும் அம்மன்

"உங்கிட்ட மட்டும் சொல்றேன். எம்மேல அம்மன் வருது."

பூங்கொடி இப்படிச் சொன்னதும், காதலைச் சொல்ல ஹேமந்த் வாங்கிவந்த சாக்லேட் பைக்குள்ளேயே உருகியது. தினமும் கருங்குழியில் பஸ் ஏறி, சீட்டில் பையைப் போட்டு, படாளத்தில் ஏறும் அவளுக்கு இடம் கொடுத்துவிட்டு, மாமல்லபுரம் கல்லூரிவரை நின்றுகொண்டே போகிறவன் அவன்.

"எப்ப வரும்?"

"அது வர்றப்ப வரும். நீ மொதல்ல அரியர முடிச்சிட்டு வேலைக்குப் போ."

செல்போனில் அவன் பார்க்கும் ஜப்பான் அனிமே கார்ட்டூனில் ஒருத்தி தன்னைக் கடவுள் என்பாள். அதைக் கேட்கும் மாணவன் சிரித்துக்கொண்டே அவளோடு சிநேகமாகிவிடுவான். அவனுக்கென்ன, ஆடி மாசம் கூழ் ஊற்றாத ஊர்க்காரன். ஹேமந்தால் அப்படிச் சிரிக்க முடியுமா?

முதலில் கறி மீனை விட்டான். மீன் குழம்பைத் தள்ளிவைத்த மகனுக்கு மஞ்சள்காமாலை என்று முடிவுகட்டி, அம்மா செங்கம்மாள் கீழாநெல்லியை அரைத்து ஊற்றினாள்.

பிறகு பூங்கொடிக்குப் பயபக்தியோடு எலுமிச்சம்பழம் நீட்டினான். பஸ்ஸே பார்த்தது. மறுநாளிலிருந்து குறி கேட்க அவளைச் சுற்றிக் கூட்டம்.

"சாமிகிட்ட இடிச்சிகினு நிக்காத, பின்னால போ!" என்றார் கண்டக்டர் சீனு.

பின்படிக்கட்டிலிருந்து அவளுடைய மல்லிகைப்பூ மட்டும்தான் தெரிந்தது. ஒருமுறை திரும்பிப் பார்க்கமாட்டாளா என்று ஏங்கினான். திரும்பினாள். பார்த்ததும் இவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

தாங்க முடியாமல் படாளத்துப் பூசாரி திருவேங்கடத்திடம் போனான்.

"அம்மன மலையேத்தி வுடுங்க சாமி. அவ வெறும் பொண்ணா இருந்தாப் போதும்."

பூசாரிக்கே கண் கலங்கியது. பூங்கொடி வீட்டுக்குப் போய், மஞ்சள் தண்ணீர் ஊற்றி, காப்புக் கட்டி, எல்லார் முன்னாலும் அறிவித்தார்: "ஆத்தா மலையேறிட்டா. இனிமே இந்தப் பொண்ணு ஆடுனா, அது வெறும் நடிப்பு!"

திங்கட்கிழமை புது சாக்லேட்டோடு சீட்டில் பையைப் போட்டான். படாளத்தில் அவள் ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. வியாழக்கிழமைவரை பைதான் உட்கார்ந்து போனது. அவளில்லாத பஸ்ஸில் ஏறவே அவனுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் ஏறினான்.

வெள்ளிக்கிழமை படாளத்தில் பூசாரிதான் ஏறினார். பையை அவன் மடியில்... இல்லை, நிற்கிறவனுக்கு ஏது மடி, கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

"பூங்கொடிக்குக் கல்யாணம் முடிவாயிடுச்சு தம்பி. எல்லாம் உன் புண்ணியம்."

ஹேமந்த் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"முன்னல்லாம் மாப்ள வூட்டுக்காரங்க வந்தாலே போதும், அம்மன் எறங்கி, 'கார்ல வந்தவன் வேணாம், பஸ்ல நின்னுகினு வர்றவன்தான் வேணும்'னு ஒரே ஆட்டம்!"