காதுக்குப் பின்னால் கதிர்வீச்சு

போன் விற்கிறவன் போனுக்குப் பயந்த கதையை வெளியில் சொல்லக் கூடாது. தொழில் படுத்துவிடும். ஆனால் என் மனைவி மலர், வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தேத்தண்ணியோடு சேர்த்து இதைத்தான் பரிமாறுகிறாள். அவள் சொன்னால் நான் இன்னும் பெரிய மடையனாகத் தெரிவேன். ஆகவே நானே எழுதிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தெரணியகலை டவுனில் ஒரு போன் கடையில் வேலை. வீடு மேலே, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில். ஓப்பநாயக்கவிலிருந்த மலருக்கும் எனக்கும் பரிசம் போட்டு, ஆவணியில் கல்யாணம் என்று நாளும் குறித்தாகிவிட்டது. லயத்தில் சிக்னல் கிடையாது. கொழுந்து மலைக்குப் போகிற பாதையோரம் புல்லும் பாசியும் மண்டிய மண்மேடு ஒன்று உண்டு. அதில் வலது தோளைச் சாய்த்து, தலையையும் அணைத்தாற்போல் வைத்தால் இரண்டு கோடு வரும். நிமிர்ந்தால் போய்விடும். வேலை முடிந்து வந்து, தினமும் ஒரு மணித்தியாலம் அப்படியே சாய்ந்து நின்று மலரோடு பேசுவேன். (என்ன பேசினோம் என்று கேட்காதீர்கள். 'சாப்பிட்டீங்களா'வுக்கு மேல் ஒன்றும் ஞாபகமில்லை.)

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், பேசி முடித்துக் கழுத்தைத் தடவினால் விரலெல்லாம் ரத்தம். வலது காதுக்குப் பின்னாலிருந்து ஓடி சட்டைக் கொலரை நனைத்திருந்தது. கொஞ்சமும் வலியில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அந்த வாரம்தான் கடையில் ஆளில்லாத நேரத்தில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். போனிலிருந்து கதிர்வீச்சு வருகிறது, முதலில் காது சூடாகும், பிறகு மூளை மெல்ல வேகும் என்று ஒருவர் கண்ணாடி போட்டுக்கொண்டு சொன்னார். கண்ணாடி போட்டவர் பொய் சொல்வாரா?

நான் படித்தவன் அல்லவா, பரிசோதனை செய்து பார்த்தேன். மறுநாள் திரும்பி நின்று, மேட்டில் இடது தோளைச் சாய்த்து, இடது காதில் போனை வைத்துப் பேசினேன். இடது காதுக்குப் பின்னாலும் ரத்தம். இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்?

கடை முதலாளி ஹாஜியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். கடைக்கு வந்தவர்களுக்கு நான் கைக்குட்டையால் போனைப் பிடித்துக் காட்டுவதை அவர் ஏற்கனவே கவனித்திருந்தார்.

"தம்பி, ஒங்கட காத டொக்டர்ட்ட காட்டுங்க. ஆனா இந்தக் கதைய கடைக்குள்ள கதைக்காதீங்க, கஸ்டமர் ஈக்கிறாங்க" என்றார்.

டொக்டரிடம் போகப் பயம். அதனால் என் போனை வெள்ளித்தாளில் சுற்றி, பிஸ்கட் டின்னில் போட்டு, அலுமாரியின் மேலே ஏற்றிவிட்டேன். மலருக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றத்தான் செய்தது. ஆனால் சொல்வதற்குப் போனை எடுக்க வேண்டுமே.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, லயத்துக்கு முன்னால் ஒரு த்ரீவீல் வந்து நின்றது. மலரின் அப்பாவும் அக்காவும் இறங்கினார்கள். அக்கா, அதாவது என் வருங்கால மதினி, பத்து வருடமாகக் கொழுந்து எடுக்கிறவர்.

"மாப்புள, புள்ள நாலு நாளா ஒழுங்கா சாப்பிடல. விருப்பமில்லேன்னா மொகத்துக்கு நேரா சொல்லிருங்க" என்றார் மாமா.

"விருப்பம் இருக்குங்க மாமா. மூளதான் வேகுது."

நான் ரத்தம், வீடியோ, டின் எல்லாவற்றையும் விளக்கினேன். மாமா மெதுவாக என் அம்மா பக்கம் திரும்பினார்.

"இந்த மூள வருத்தம் பரம்பரையா வர்றதுங்களா?"

"எங்க வம்சத்துல மூள சம்பந்தமா யாருக்கும் எதுவும் வந்ததில்லைங்க" என்றார் அம்மா. (எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.)

மாமா சால்வையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "ஆவணிக்கு என்ன அவசரம். வைத்தியம் பாருங்க, பொறகு யோசிப்போம்."

'யோசிப்போம்' என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். மூளை வெந்தால் வேகட்டும், மலர் இல்லாமல் முடியாது என்று அப்போதுதான் புரிந்தது. அவளிடம் ஒரு வார்த்தை பேசிவிடுகிறேன் என்று கெஞ்சி, டின்னைத் திறந்து போனை எடுத்தேன். மாமா, மதினி, அம்மா, வேடிக்கை பார்க்கச் சிங்கள த்ரீவீல்காரர் எல்லோரும் ஊர்வலமாக மேட்டுக்கு வந்தார்கள்.

மேட்டில் சாய்ந்தேன். கதிர்வீச்சு எட்டாதபடி போனை மேட்டோரமாகவே கை நீளத்துக்கு நீட்டி ஸ்பீக்கரில் போட்டேன்.

"எதுக்குங்க பேசாம இருந்தீங்க?" என்றாள் மலர்.

எல்லாவற்றையும் ஒப்பித்தேன். "இனிமே நான் எத்தன நாளைக்கோ தெரியாது மலரு. ஒனக்கு வேணாம்னா இப்பவே சொல்லிரு" என்று முடிக்கும்போது எனக்கே அழுகை வந்துவிட்டது.

"தம்பி, ஆடாம நில்லுங்க" என்றார் மதினி. என் காதுக்குப் பின்னால் நகத்தை விட்டு, கொழுந்து கிள்ளுகிற அதே வேகத்தில் எதையோ கிள்ளி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ரத்தம் குடித்து உப்பத் தொடங்கியிருந்த கறுப்பு அட்டை.

"இதுதாங்களா ஒங்க ரேடியேஷன்?"

"மல்லி, ஏ கூடெல்லெக் நே" என்றார் த்ரீவீல்காரர். சிங்களத்திலும் அது அட்டைதான் என்று உறுதியாகிவிட்டது. இரண்டு மொழியில் மானம் போனது.

நான் தோட்டத்தில் பிறந்தவன். காலில் அட்டை ஏறினால் நடையிலேயே கண்டுபிடித்துவிடுவேன். தினமும் காதைக் கொண்டுபோய் அதன் வீட்டு வாசலில் சாய்த்து வைத்தால் காதுக்கும் ஏறும் என்று மட்டும் தோன்றவில்லை.

"நாங்க காலுக்கு சோப்பு தேச்சுக்கிட்டுத்தான் மலைக்கு ஏறுவோம். நீங்க காதுக்குத் தேச்சுக்கங்க" என்றார் மதினி. போனில் மலர் சிரிக்கத் தொடங்கினாள். வெட்கத்தில் நான் நிமிர்ந்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது.

"அப்ப ஆவணியிலயே வச்சுக்குவோம்" என்றார் மாமா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

கல்யாணத்தன்று சீர்த் தட்டில் வெற்றிலை, வாழைப்பழத்துக்கு நடுவே சிவப்பு கார்பாலிக் சோப்பு ஒன்று பொட்டு வைத்து வந்தது. மதினியின் கைங்கரியம்.

போனால் உடம்புக்கு என்னென்ன ஆகும் என்று ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். என் வீட்டில் அது எப்போதோ முடிந்த விஷயம். போன வாரம் என் மகளின் டீச்சர் போனில் கூப்பிட்டார். வகுப்பில் கதிர்வீச்சு என்றால் என்ன என்று கேட்டாராம். என் மகள் கை தூக்கி எழுந்து சொன்னாளாம்:

"கறுப்பா இருக்கும் டீச்சர். மழைக்கு வரும். சோப்பு போட்டா விழுந்துரும்."